கால் பங்கு சக்தி

ஸ்தானா திங்கட்கிழமை காலை காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, அது பொங்கி வருவதற்குள் இறந்துபோனாள். யாகோஷ் முதலில் அடுப்பை அணைத்தார். பிறகுதான் அவளைத் தூக்கப் போனார். எதை அணைக்கலாம், எதைக் குறைக்கலாம் என்று பார்த்தே பழகிப்போன கை. டாக்டர் வந்து, இதயம் என்று சொல்லி, படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மணி எட்டுகூட ஆகவில்லை.

யாகோஷ் லெஸ்னா நகர வானொலியின் ஒரே பொறியாளர். வட மாண்டினீக்ரோவில் சாவுச் செய்தி வானொலியில் வாசிக்கப்பட்டால்தான் சாவு. பகல் பதினோரு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை. அந்த நேரத்தில் டீக்கடைக்காரன்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவான். ஒன்பது மணிக்கு அவர் அறிவிப்பாளர் வெசெல்காவைக் கூப்பிட்டார்.

"எழுதிக்கோ வெசெல்கா. எங்கள் அன்பிற்குரிய ஸ்தானா, ஐம்பத்தாறு வயது, காலமானார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிலிருந்து துக்க மண்டபத்தில் ஆறுதல் ஏற்கப்படும். அடக்கம் புதன்கிழமை இரண்டு மணிக்கு. துயரத்தில்..."

வெசெல்கா அழுதுகொண்டே எழுதினாள். "துயரத்தில் யாருண்ணே? உங்க பேர முதல்ல போட்டுக்கறேன்."

"இல்ல. முதல்ல அண்ணன் மிலோன்யா. அதுக்கப்புறம் என் பேரு."

அந்தப் பக்கம் மூக்குறிஞ்சல் நின்றது. "அவரையா? உங்களுக்கு முன்னாலயா?"

"எழுதுன்னு சொன்னேன்ல."

வெசெல்கா திகைத்ததில் தப்பில்லை. மச்சானும் மச்சானும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊர் முழுக்கத் தெரியும். ஸ்தானாவின் அப்பா இறந்தபோது அறிவிப்பைச் சொன்னவர் மிலோன்யா. மகன், மகள், பேரன்கள், தூரத்துத் தாயாதிகள் வரை எல்லாப் பேரும் வந்தது. மருமகன் யாகோஷின் பேர் மட்டும் வரவில்லை. அதுவும் யாகோஷ் நட்டு வைத்த கோபுரத்திலிருந்து, யாகோஷ் பழுதுபார்த்த கருவி வழியாக, ஊரே கேட்கும்படி. அவன் பேரையும் நான் சொன்னேன், தொலைபேசிக் கம்பியில் எங்கோ விழுந்துவிட்டது, எழுதினவள் காதில் ஏறவில்லை என்று மிலோன்யா ஆள் விட்டுச் சொல்லிப் பார்த்தார். யாகோஷ் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அன்று போனவர் மச்சான் வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவில்லை. ஸ்தானா மட்டும் மாதம் ஒரு முறை பஸ் ஏறி தோலாவி கிராமத்துக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு, பாலாடைக்கட்டியோடு திரும்பி வருவாள். அந்தப் பாலாடைக்கட்டியை யாகோஷ் சாப்பிடுவார். யார் வீட்டுடையது என்று கேட்க மாட்டார்.

இப்போது அவள் போய்விட்டாள். அண்ணன் பேரை முதலில் போட்டாயிற்று. இந்த ஊரில் இதைவிடப் பெரிதாகச் சமாதானத்துக்குக் கை நீட்ட முடியாது. சாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால் அது அவமானம். செய்தி கேட்டவன் வர வேண்டும், அவ்வளவுதான். வராதவன் பேரை ஊர் பேரப்பிள்ளைகள் காலம் வரை சொல்லிக் காட்டும். எனவே மிலோன்யா வருவார். வந்து தங்கையின் தலைமாட்டில் நிற்பார். அடக்கம் வரை யாகோஷுக்கு இருந்த ஒரே எண்ணம் இதுதான். மற்ற எதுவும் அவருக்குள் இறங்கவில்லை. அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை துக்க மண்டபத்தில் ஆண்கள் கறுப்புக் கோட்டோடு, வழக்கப்படி இருட்டும் வரை, வரிசையாக நின்றார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கை கொடுத்து, ஆறுதல் சொல்லி, நகர்ந்து போக வேண்டும். யாகோஷ் தன் வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார். அது இறந்தவளின் அண்ணனுக்கான இடம். வந்தவர்கள் அந்த இடத்துக்கு நேரே வந்ததும் ஒரு கணம் தயங்கி, காலை எட்டி வைத்து, யாகோஷ் கையைப் பிடித்தார்கள். அறுநூறு பேராவது இருக்கும். அவர் முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தார். வெளியே மூடிய வானம். சாம்பல் நிற மேகம் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தது, எழுந்து போகிற வழியாக இல்லை.

இடையில் ஒரு தடவை பையில் செல்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கோஷுத்தா குன்றின் உச்சியில் இருக்கிற ஒலிபரப்பு நிலையத்திலிருந்து வந்த தகவல். பேட்டரி நாற்பத்து மூன்று சதவீதம். ஒலிபரப்புக் கருவி கால் பங்கு சக்தியில் ஓடுகிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று செல்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த ஒழுங்கு அவர் செய்தது. இரண்டு வருடத்துக்கு முன் நகராட்சி, மின்கட்டணத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் வானொலியை மூடிவிடுவோம் என்றது. நிலைய மேலாளர் தெஸிமிர் வேர்த்துப்போய் வந்து, "யாகோஷ், நம்ம பொழப்பு உன் கையில" என்றார். பழைய வால்வுக் கருவி தின்கிற மின்சாரத்தில் பாதி வெறும் சூடாகத்தான் வெளியே வந்தது. ஸ்தானா இலையுதிர் காலத்தில் அதன் மேல் தட்டில் பிளம் பழம் காய வைப்பாள், அவ்வளவு சூடு. யாகோஷ் அதைக் கழற்றிவிட்டுச் சின்னக் கருவி ஒன்றை வைத்தார். தெற்குச் சரிவில், பனி தங்காமல் வழுக்கி விழுகிற சாய்வில், சூரியத் தகடுகளை நிறுத்தினார். பேட்டரிகள் வந்தன. கோபுரத்து விளக்கு முதல் ஸ்டூடியோ விளக்கு வரை எல்லாவற்றையும் மாற்றினார். "இந்தப் புது மிஷின் ஒரு காலுறையக்கூடக் காய வைக்காது, இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்றாள் ஸ்தானா.

கடைசியாக அவர் செய்ததுதான் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று எல்லோரும் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். பகலில் மின்கட்டணம் இரவைப்போல இரு மடங்கு. எனவே மேகமூட்டமான நாளில் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால், அந்த விலைக்கு மின்சாரம் வாங்காமல், இரவுக் கட்டணம் தொடங்கும் வரை கருவி தானாகவே கால் பங்கு சக்திக்கு இறங்கிவிடும். நகரத்தில் யாருக்கும் வித்தியாசமே தெரியாது. முகட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டுநிலத்தில் மட்டும் குரல் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அங்கே தோலாவியோடு சேர்த்து மூன்று கிராமம், அறுபத்து மூன்று பேர். யாகோஷ் காரோட்டிப் போய் அளந்து பார்த்து, அறிக்கையில் எழுதினார்: பாதிப்பு மிகக் குறைவு. தெஸிமிர் அதை நகராட்சிக் கூட்டத்தில் வாசித்தார். கை தட்டினார்கள்.

"எங்க ஊருக்குக் கேக்குமா?" என்று அன்று ஸ்தானா கேட்டிருந்தாள்.

"மேகம் போட்டா மட்டும் கொஞ்சம் இரையும். என்ன பெரிசா கேட்டுக் கிழிக்கப் போறாங்க, ஆடு மேய்க்கறவங்க."

"நீ என்னையா கட்டின, மீட்டரக் கட்டின" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு அடக்கம். இரண்டேகால் வரை பாதிரியார் காத்திருந்தார். பெட்டியின் தலைப்பக்கக் கயிற்றை அண்ணன் பிடிக்க வேண்டும். யாகோஷ் கல்லறைத்தோட்டத்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதிரியார் மெல்ல இருமினார். கடைசியில் தெஸிமிர் வந்து கயிற்றைப் பிடித்தார். நனைந்த மண் பெட்டியின் மேல் கனமாக விழுந்தது.

திரும்பி வரும் வழியில் தெஸிமிருக்குப் பொறுக்கவில்லை. "கல் நெஞ்சுக்காரன்யா அவன். கூடப் பொறந்தவ செத்துக் கெடக்கா. அவன் மட்டும் வரலன்னா சரி, தோலாவிலருந்து ஒரு ஈ காக்கா வரல பாரு. ஊரையே கட்டிப்போட்டு வெச்சிருக்கான். நீ அவன் பேர முதல்ல போட்ட. ரேடியோல காது குளிரக் கேட்டிருப்பான். கேட்டுட்டு கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கான்."

கேட்டிருப்பான்.

யாகோஷ் நின்றார். நாற்பத்து மூன்று சதவீதம் என்ற எண் பையிலிருந்து எழுந்து வந்து கண் முன்னால் நின்றது. திங்கள் பதினோரு மணி, திங்கள் நாலு மணி, செவ்வாய் பதினோரு மணி. மூன்று வேளையும் மேகம், மூன்று வேளையும் பகல் கட்டணம். மேட்டுநிலத்தில் செல்பேசிக்குச் சிக்னல் கிடையாது. தொலைபேசிக் கம்பி பனியில் அறுந்து மூன்று வருடமாகிறது. முகட்டுப் பாதையில் பனி விழுந்து பஸ்ஸும் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிட்டது. தோலாவியில் யாருக்கும், எதுவும், தெரியாது.

"என்னய்யா?" என்றார் தெஸிமிர்.

"ஒண்ணுமில்ல" என்றார் யாகோஷ்.

அதுதான் அவர் செய்த பாவம் என்றால் பாவம். தெரியாமல் செய்தது வேறு. இது தெரிந்து செய்தது. அன்று சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்து ராக்கியா சாராயம் குடித்துக்கொண்டே மிலோன்யாவை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். யாகோஷ் குடித்தார், தலையாட்டினார், வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. முகடு தாண்டி ஆள் அனுப்ப வேண்டும் என்றும் தெரிந்தது. நாளைக்கு என்று விட்டார். வியாழக்கிழமையும் நாளைக்கு என்று விட்டார். வெள்ளிக்கிழமை வெசெல்கா ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தாள். "வந்தவங்களுக்கு நன்றி சொல்ற அறிவிப்புண்ணே. வழக்கமா வாசிக்கறதுதானே? நாளைக்குப் போட்டுடவா?" யாகோஷ் தலையாட்டினார். அந்த வாரம் எதைக் கேட்டாலும் தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை ஜன்னலைத் திறந்தபோது வெயில் அடித்தது. வீட்டில் இருக்க முடியாமல் குன்றுக்குப் புறப்பட்டுப் போனார். தகடுகளின் மேலிருந்த ஈரப்பனியைத் துடைப்பத்தால் தள்ளினார். உள்ளே வந்து திரையைப் பார்த்தார். பேட்டரி ஐம்பத்தெட்டு, ஏறிக்கொண்டிருந்தது. கருவி தானாக முழுச் சக்திக்கு வந்திருந்தது. அதன் மேல் இருந்த சின்ன ரேடியோவில் பாட்டு முடிந்து, மணி பதினொன்று அடித்தது.

"எங்கள் அன்பிற்குரிய ஸ்தானாவின் மறைவின்போது நேரில் வந்து ஆறுதல் சொன்ன உறவினர்கள், நண்பர்கள், அண்டை வீட்டார் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. துயரத்தில் குடும்பத்தார்" என்று வாசித்தாள் வெசெல்கா. பேர்கள் எதுவும் இல்லை. நன்றி அறிவிப்பில் பேர் போடுவதில்லை.

ஸ்தானா என்ற சொல் வந்ததுமே யாகோஷுக்குப் புரிந்தது. கை சுவிட்சு வரை போனது. ஆனால் அந்தப் பேர் ஏற்கெனவே முகடு தாண்டிப் போய்விட்டது. தோலாவியில், மிலோன்யாவின் அடுக்களையில், ஒரு குரல் மிகத் தெளிவாக, இரைச்சலே இல்லாமல், உன் தங்கை அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி என்று சொல்லி முடித்திருக்கும். யாகோஷ் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். மேட்டுநிலத்திலிருந்து நடந்து வருகிற பாதை இந்தக் குன்றின் மேலேதான் போகிறது.

இரண்டரை மணிக்கு மிலோன்யா வந்தார். அறுபத்திரண்டு வயது, முழங்கால் வரை பனி. வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு யாகோஷ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு கன்னம் மழமழவென்றிருந்தது. மறு கன்னத்தில் வெள்ளை முள்தாடி, அதில் காய்ந்த சோப்பு. வீட்டில் சாவு விழுந்தால் நாற்பது நாள் ஆண்பிள்ளை முகத்தில் கத்தி படக் கூடாது. அந்த மனிதர் சவரம் செய்துகொண்டே ரேடியோ கேட்டிருக்கிறார்.

"வந்தவங்களுக்கெல்லாம் நன்றி சொன்னியே மச்சான்" என்றார் மிலோன்யா. குரல் உயரவில்லை. "கேட்டேன். வராதவனுக்கு என்ன சொல்லப் போற?"

"உள்ள வா."

"வரல. அடக்கம் பண்ணிட்டியா?"

"புதன்கிழமை."

"புதன்கிழம நான் கொட்டாய்க்கு வைக்கோல் ஏத்திட்டிருந்தேன்." அவர் அதை இரண்டாவது தடவையும் சொன்னார். "வைக்கோல் ஏத்திட்டிருந்தேன்யா. பாட்டு வேற பாடினேன்."

யாகோஷ் எழுந்து நின்றுதான் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மூன்று வேளை வாசித்தது, மேகம், பேட்டரி, பகல் கட்டணம், கால் பங்கு சக்தி. தோலாவிக்குக் கேட்காது என்று தெரிந்தே செய்தது. புதன்கிழமையே புரிந்தும் ஆள் அனுப்பாதது. கீழே ஊரில் எல்லோரும் மிலோன்யாவைத் திட்டியது, தான் பேசாமல் இருந்தது. ஓர் அறிக்கையை வாசிக்கிற குரலில் கடைசி வரை சொன்னார்.

மிலோன்யா கருவியைப் பார்த்தார். ஒரு பெட்டி, அதில் ஒரு பச்சை விளக்கு. "இதுதானா?"

"இதுதான்."

"எவ்வளவு மிச்சம்?"

"மூணுல ரெண்டு பங்கு."

"நல்ல மிச்சம்" என்றார் மிலோன்யா. பிறகு நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வெளியே தகட்டிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"வழியெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சுட்டு வந்தேன்" என்றார் மிலோன்யா. "இவன் வேணும்னேதான் சொல்லாம விட்டிருக்கான், ஒம்போது வருஷத்துப் பழிய இப்பத் தீத்துக்கிட்டான், போய் மூஞ்சியில குத்தணும்னு. இப்பக் கேக்கறேன், உண்மையச் சொல்லு. அவ அறிவிப்புல என் பேரு இருந்துச்சா?"

யாகோஷ் கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். வெசெல்காவிடம் சொல்வதற்கு முன் அவர் கைப்பட எழுதியது. மிலோன்யா அதை வாங்கி, கண்ணாடி இல்லாததால் கையை நீட்டி, வெளிச்சத்தில் பிடித்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். துயரத்தில் என்ற சொல்லுக்கு வந்ததும் உதடு நின்றுவிட்டது.

"உனக்கு முன்னால போட்டிருக்க."

"ஆமா."

"ஊரெல்லாம் கேட்டுச்சா?"

"உன் ஊரத் தவிர."

மிலோன்யா தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கேட்டு வாங்கவில்லை, திருப்பித் தரவும் இல்லை. "அன்னைக்கு அப்பா செத்தப்ப நானும் உன் பேரச் சொன்னேன். வழியில விழுந்துருச்சுன்னேன். நீ நம்பல."

"இல்ல. நம்பல."

"இப்ப?"

யாகோஷ் திரும்பிச் செல்பேசியை எடுத்து வெசெல்காவைக் கூப்பிட்டார். "நாலு மணிக்கு ஸ்தானாவோட அறிவிப்ப மறுபடி வாசி. நன்றி இல்ல, முதல்ல வாசிச்சது."

"அண்ணே, அடக்கம் முடிஞ்சு போச்சே? அப்படி யாரும் வாசிச்சதில்லையே. ஊரு சிரிக்கும்ணே."

"சிரிக்கட்டும். கடைசியில ஒரு வரி சேத்துக்கோ. பொறியாளர் யாகோஷ் செய்த ஏற்பாட்டால் இந்த அறிவிப்பு மேட்டுநிலத்துக்குக் கேட்கவில்லை, அண்ணன் மிலோன்யாவுக்குத் தெரியாது. அப்படியே வாசி."

வெசெல்கா எதையோ சொல்ல ஆரம்பித்தாள். அவர் வைத்துவிட்டார்.

குளிர்காலத்து வெயில் மூன்றரைக்கே மலைக்குப் பின்னால் போய்விட்டது. ஐந்து நாள் வெறும் வயிற்றோடு கிடந்த பேட்டரி ஒரே பகலில் எவ்வளவுதான் நிரம்பும்? அறுபத்தொன்று வரை ஏறி, இறங்கத் தொடங்கியது. நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஐம்பத்தொன்று; பாதிக்குக் கீழே போனால் கருவி தானே கால் பங்குக்கு இறங்கிவிடும். யாகோஷ் எழுந்து, தானியங்கிச் சாவியைத் திருப்பி நிறுத்தினார். பக்கத்தில் இருந்த மின்வாரிய இணைப்பைப் போட்டார். பகல் கட்டணம். மீட்டர் ஓடத் தொடங்கியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வெசெல்கா வாசித்தாள். ஒரு சொல் விடவில்லை. துயரத்தில் அண்ணன் மிலோன்யா, கணவர் யாகோஷ். பிறகு அந்தக் கடைசி வரி. அது நகரத்துக்கும் போனது, முகடு தாண்டியும் போனது.

மிலோன்யா அப்போதுதான் வாசல்படி தாண்டி உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். யாகோஷின் வலப்பக்கம், ஓர் ஆள் நிற்கிற இடத்தில், சுவரில் முதுகு படாமல் நேராக நின்றார்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத" என்றார். "என் எடத்துல நிக்கறேன். அவ்வளவுதான்."

"சரி."

இருவரும் கையைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார்கள். கை கொடுக்க யாரும் வரவில்லை. யார் வரப்போகிறார்கள் அந்தக் குன்றுக்கு? கருவி முழுச் சக்தியில் மெல்ல ரீங்கரித்தது. அதில் குளிர் காயக்கூடச் சூடில்லை.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்றார் மிலோன்யா.

"இருட்டற வரைக்கும்" என்றார் யாகோஷ். அப்படித்தான் வழக்கம்.